மேகம் மறைத்த வால்நட்சத்திரம்

நார்மன் போக்சன் என்ற வானியல் அறிஞரைப் பற்றி எழுதுகிறேன். 1829-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1861-ல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்துக்கு அரசு வானியலாளராக வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே, ஏப்ரல் 17-ல், ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அது. அதனால் பேரும் ஆசியா! தொலைநோக்கியில் சிறுகோளும் நட்சத்திரம் மாதிரியேதான் தெரியும். அடுத்தடுத்த ராத்திரி பார்த்து, எந்தப் புள்ளி நகர்ந்திருக்கு என்று வரைபடத்தோடு ஒப்பிடணும். நானா இருந்தா தூங்கிடுவேன். அவர் சென்னையில் மட்டும் 5 கண்டுபிடித்தார்.

1872 நவம்பர் கடைசியில் ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபியூஸ் என்பவர் அவருக்குத் தந்தி அடித்தார். காணாமல் போயிருந்த பியலா வால்நட்சத்திரத்தைத் தெற்கு வானத்தில் தேடச் சொன்னார். நம்ம பிச்சாவரத்தில் கார்த்திகை மாசம் நட்சத்திரம் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? சென்னையிலும் அதே மழைக்காலம்தான். ஆனாலும் மேகம் விலகிய இரண்டு விடியற்காலையில் போக்சன் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்து, இருந்த இடத்தைக் குறித்துவிட்டார். அதுக்கப்புறம் மேகம் மூடிக்கொண்டது. பாதையைக் கணக்குப் போட மூன்று இடமாவது வேண்டும். அவரிடம் இருந்தது இரண்டுதான்! அது பியலா இல்லை, வேறொன்று என்று பிறகு சொன்னார்கள்.

1891-ல் போக்சன் சென்னையிலேயே காலமானார். அந்த வால்நட்சத்திரம் இன்றுவரை யார் கண்ணிலும் மறுபடி படவில்லை.

- 9-ஆம் வகுப்பு மாணவி