கை நடுக்கத்துக்கும் விடாத எண்ணத்துக்கும் என்ன தொடர்பு? டாக்டர் பி.ராமமூர்த்தியின் கதை

பூட்டின கதவையே பத்து தடவை இழுத்துப் பார்ப்பது மனசு சம்பந்தப்பட்டது. கை நடுங்குவது நரம்பு சம்பந்தப்பட்டது. நாம் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் மூளைக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அந்தத் தெருவுக்குள் கருவியோடு நுழைந்த சென்னை டாக்டர்தான் பி.ராமமூர்த்தி.

யார் இவர்?

1922-ல் சீர்காழியில் பிறந்தவர். வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1950-ல் சென்னை ஜி.எச்-ல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அப்போது நாட்டுக்கே இந்தத் துறை புதுசு.

என்ன செய்தார்?

தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே பார்த்து அளவெடுத்து, சின்ன துளை வழியாக மெல்லிய கருவியை இறக்கி, நடுக்கத்தைக் கிளப்பும் இடத்தை மட்டும் செயலிழக்க வைக்கும் முறை இது. அவருடைய அணியில் வி.பாலசுப்பிரமணியமும் டி.எஸ்.கனகாவும் இருந்தார்கள். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவரான கனகா, இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள குரோம்பேட்டையில் பின்னாளில் மருத்துவமனை நடத்தினார்.

சர்ச்சை ஏன்?

கட்டுக்கடங்காத ஆவேசம் போன்ற நடத்தைக் கோளாறுகளுக்கும் இதே முறையை இந்த அணி பயன்படுத்தியது. அழித்த திசு திரும்ப வராது. நோயாளி மனசறிந்து சம்மதித்தாரா என்பது அடுத்த கேள்வி. இப்படிப்பட்ட அறுவைகளுக்கு உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தது.

தொடர்பு எங்கே?

மூளையின் ஆழத்தில் இருக்கும் 'பேசல் கேங்லியா', எந்த அசைவைத் தொடங்கணும், எதை நிறுத்தணும் என்று வடிகட்டுகிறது. எண்ணங்களுக்கும் அதே வேலைதான். வடிகட்டி பழுதானால் அசைவும் நிற்காது, எண்ணமும் நிற்காது. டூரெட் நோய் உள்ள பலருக்கு ஓ.சி.டி.யும் சேர்ந்து வருவது இதனால்தான் என்கிறார்கள். இப்போது திசுவை அழிக்காமல், மின்முனை வைத்துத் தூண்டும் சிகிச்சை பார்க்கின்சனுக்கும் கடுமையான ஓ.சி.டி.க்கும் வந்துவிட்டது. வேண்டாமென்றால் அதை அணைத்துவிடலாம்.

நாம் கவனிக்க வேண்டியது

ராமமூர்த்தி 2003-ல் மறைந்தார். அவர் காலத்துக் கேள்வி இன்னும் நம் வீட்டில் இருக்கிறது. செங்கல்பட்டோ மாமல்லபுரமோ, பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடும் அப்பா திடீரென்று சூதாட்டம், ஓயாத ஷாப்பிங் என்று மாறினால் அது குணக்கேடு இல்லை. சில மாத்திரைகளின் பக்கவிளைவாக இருக்கலாம். திட்டாதீங்க. மாத்திரையை நீங்களே நிறுத்தவும் செய்யாதீங்க. வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க.