மருத்துவ மேதை சுப்பாராவ்

நம் சந்தவாசல் வட்டாரத்தில் தறியின் முன் அமர்ந்து பட்டு நெய்வோரின் கையும் காலும் ஓயாது இயங்குவதை நாம் அறிவோம். அவர்களினும் ஓயாத உழைப்பாளிகள் நம் ஒவ்வொருவருள்ளும் உள்ளன. அவையே சிறுநீரகங்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே மீட்டுத் தருகின்றன. இப்பெரும் பணிக்கு ஆற்றல் தரும் பொருள் ஏ.டி.பி. ஆகும். அதனைக் கண்டறிந்தவருள் ஒருவர், சென்னையில் பயின்ற டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் அவர் பிறந்தார். வறுமையில் வளர்ந்தவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறினார். மூன்றாம் முறையே தேறினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. உடன்பிறந்தோர் இருவரை நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் சேர்ந்தது. எனினும் மனம் தளராது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். அங்கே மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்தே வயிறு வளர்த்தார்.

1925இல் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் எளிய முறையை வகுத்தார். சிறுநீரகம் பழுதுற்றோரின் இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகும். ஆதலால் அம்முறை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் பயன்பட்டது. அதே வழியில் ஆராய்ந்து 1929இல் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதனைக் கண்டார்.

இந்த ஏ.டி.பி. சிறுநீரகத்தில் எவ்வாறு உண்டாகிறது? அதன் நுண்குழல் செல்களில் மைட்டோகாண்ட்ரியா எனும் நுண்ணிய அடுப்புகள் நிறைந்துள்ளன. அவற்றின் முதன்மை எரிபொருள் கொழுப்பு அமிலங்களே. நீரிழிவாலோ உடற்பருமனாலோ அவை எரிக்கும் அளவுக்கு மேல் வந்து குவிந்தால், செராமைடு போன்ற துணைப்பொருள்கள் தோன்றி மைட்டோகாண்ட்ரியாவையே சிதைக்கின்றன. ஏ.டி.பி. குறைகிறது, செல்கள் நலிகின்றன, சிறுநீரகத்தில் தழும்பு படர்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி இங்கும் மெய்யாகிறது.

இத்தனை சாதித்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இரத்தசோகைக்கு ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான், தொற்றுநோய்களுக்கு ஆரியோமைசின் ஆகியன அவர் தலைமையிலான குழுவின் கொடைகள். 1948 ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில் மறைந்தார். தாயகம் திரும்பவேயில்லை, ஊரில் விட்டுச் சென்ற மனைவி காத்திருந்ததே மிச்சம். 1995இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

தோழியரே! அவர் புகழைப் போற்றும் நாம், அதற்காகத் தனிமையை ஏற்ற அந்த அம்மையாரையும் மறவாதிருப்போம். தேர்வில் ஒருமுறை தவறியதும் படிப்பை நிறுத்த எண்ணும் தோழி நம்மிடையே இருப்பின், மூன்றாம் முறை எழுதித் தேறிய இந்த மாணவரின் கதையை அவளுக்குச் சொல்வோம்.