விஜய் மெர்ச்சண்டின் சராசரி

என் தகப்பனார் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் மரங்களுக்குப் போய், நண்பகலில் பால் அளந்து கொடுத்துவிட்டுத் திரும்புவார். ஒருமுறை அவர் கொண்டுவரும் பால் மற்றவர்களின் சராசரியைவிடக் குறைவு என்று மேற்பார்வையாளர் ஒருவர் குறை கூறினாராம். அப்பாவின் பங்கில் விழுந்தவை வயதான மரங்கள். கணக்கில் அது எழுதப்படவில்லை. புள்ளியியல் வகுப்பில் சராசரி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரங்கள்தாம் நினைவுக்கு வரும். விஜய் மெர்ச்சண்டின் ஆட்டக் கணக்கைப் படித்தபோதும் அப்படித்தான்.

1911 அக்டோபர் 12-இல் பம்பாயில் ஆலை அதிபர்களின் குடும்பத்தில் பிறந்தவர் அவர். குடும்பப் பெயர் தாக்கர்சி. பள்ளியில் தந்தையின் தொழிலைக் கேட்க, வணிகர் என்று சொன்னதே பெயராகப் பதிவாகிவிட்டது என்பார்கள்.

முதல்தரப் பந்தயங்களில் அவர் எடுத்த ஓட்டங்கள் 13,470. ஆடியது 234 இன்னிங்ஸ். 46 முறை ஆட்டமிழக்கவில்லை. மீதி 188-ஆல் வகுத்தால் 71.64. பத்தாயிரம் ஓட்டங்களைக் கடந்தவர்களில் உலகிலேயே இவருக்கு முன்னால் நிற்பவர் ஒருவர்தான்: 95.14 வைத்திருக்கும் டான் பிராட்மன். அக்கால இந்திய ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டால் வியப்பு இன்னும் கூடும். சி.கே. நாயுடு, முஷ்டாக் அலி இருவருமே 36-ஐத் தொடவில்லை. விஜய் ஹசாரே 58-க்குச் சற்று மேல். தன்னோடு தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய முஷ்டாக்கைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு மெர்ச்சண்ட்!

ஆனால் நண்பர்களே, இங்கேதான் ஒரு தடை எழுகிறது. அந்நாளைய இந்திய ஆடுகளங்கள் மட்டை பிடிப்பவருக்குப் பால் வார்த்தவை. 1943-44 பருவத்தில் மெர்ச்சண்ட் மகாராஷ்டிரத்துக்கு எதிராக 359 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அதே பருவத்தில் ஐந்தணிப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் 250 அடிக்க, எதிரணியின் ஹசாரே 387-இல் 309 ஓட்டங்களைத் தாமே எடுத்தார். ரஞ்சிக் கோப்பையில் மெர்ச்சண்டின் சராசரி 98-க்கும் மேல். இளமரங்களில் வெட்டிய பால் இது என்று ஒருவர் சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த எண்ணத்தை மாற்றியது 1946-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் அது மழை மிகுந்த கோடை. ஈரமான ஆடுகளங்கள், திரும்பும் பந்துகள். அந்தச் சுற்றுப்பயணத்தில் மெர்ச்சண்ட் 2,385 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 74.53. அதாவது அவருடைய வாழ்நாள் சராசரியைவிட அதிகம்! பத்தாண்டுகளுக்கு முன், 1936-இல் சென்றபோது 51.32. ஓவல் டெஸ்டில் 128 எடுத்தவரை வீழ்த்தியது பந்துவீச்சுகூட அன்று. கால்பந்து வீரருமான டெனிஸ் காம்ப்டன் பந்தைக் காலாலேயே உதைத்து விக்கெட்டில் அடித்து ரன் அவுட் ஆக்கினார்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 1936-க்கும் 1946-க்கும் இடையே இந்தியா ஒரு டெஸ்டும் ஆடவில்லை. பெரும்பகுதி போர்க்காலம். மெர்ச்சண்டுக்கு அப்போது 25 முதல் 35 வயது. எந்த ஆட்டக்காரனுக்கும் நல்ல பருவம். 1947-இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. ஆக 1933 தொடங்கி 1951 வரை, பதினெட்டு ஆண்டுகளில் பத்தே டெஸ்டுகள். அனைத்தும் இங்கிலாந்துக்கு எதிராக. 859 ஓட்டங்கள், சராசரி 47.72. கடைசி டெஸ்ட் டில்லியில். நாற்பது வயதில் 154 ஓட்டங்கள். அதே ஆட்டத்தில் பந்து தடுக்கும்போது தோளில் அடிபட்டு ஓய்வு பெற்றார்.

பின்னர் தேர்வுக்குழுத் தலைவராகி, 1971-இல் தமது வாக்கினால் அஜித் வடேகரைத் தலைவராக்கினார். ஆலையில் உடல் ஊனமுற்றோர் பலருக்கு வேலை கொடுத்தார். 1987 அக்டோபர் 27-இல் காலமானார்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நாள் இரவு அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆட்டமிழக்காத அந்த 46 தடவையை எதற்காகக் கழிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். நான் தாளும் பேனாவும் எடுத்து வருவதற்குள், விடியுமுன் எழ வேண்டுமே என்று படுத்துவிட்டார்.