ஜேம்ஸ் வாட்டின் மாடி அறை



பல்பு வாங்கும்போது அட்டையில 9 வாட், 12 வாட்னு போட்டிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஜேம்ஸ் வாட். கெட்டில் மூடி ஆடின கதையை இன்னைக்கு விட்டுடலாம். வாங்க, அவரோட வீட்டு மாடிக்குப் போவோம். வீட்டுலயே ஒரு சின்ன லேத், ஒரு மரவேலை மெஷின் வைக்கணும்னு உங்களுக்கு ஆசை இருந்தா, முதல்ல வர்ற கேள்வி இதுதான்: மெஷினை வெச்சிடலாம், மத்த சாமானை எல்லாம் எங்கே வைக்கிறது? வாட் வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்வி கூடவே வந்தது.

1736 ஜனவரி 19-ல் ஸ்காட்லாந்தின் கிரீனக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார் வாட். அப்பா கப்பல் தச்சர். கப்பல்களுக்கு வேண்டிய சாமான்களையும் விற்றார். வாட்டுக்குச் சின்ன வயசுல அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும், பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போக முடியாது. அப்பா தன் பட்டறையிலேயே பையனுக்கென்று ஒரு வேலைமேசையும் சில கருவிகளும் கொடுத்தார். அந்த மூலைதான் வாட்டின் முதல் வொர்க்‌ஷாப்.

1755-ல் அளவுக் கருவிகள் செய்யக் கற்றுக்கொள்ள லண்டன் போனார். வழக்கமாக 7 வருஷம் படிக்க வேண்டிய தொழிலை ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டு, உடம்பு கெட்டுப்போய் ஊர் திரும்பினார். அப்புறம் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 1757-ல் தன் வளாகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு அறை கொடுத்தது. கருவிகளைப் பழுது பார்த்தார். வருமானம் போதாததால் புல்லாங்குழல் மாதிரியான இசைக்கருவிகளும் செய்தார்.

அங்கேதான் 1763-ல் நியூகாமன் இன்ஜினின் ஒரு சின்ன மாடல் ரிப்பேருக்கு வந்தது. தெர்மோ வகுப்பில் படிச்சிருப்பீங்க. அந்த இன்ஜினில் நீராவி நுழையும் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீரைத் தெளித்து நீராவியைக் குளிர வைப்பார்கள். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சிலிண்டர் சூடாகணும், உடனே குளிரணும், திரும்பச் சூடாகணும். பாதி நீராவிக்கு மேல் இதிலேயே வீணாகும். 1765-ல் வாட்டுக்கு வழி கிடைத்தது. சிலிண்டர் எப்பவும் சூடாகவே இருக்கட்டும், குளிர வைக்கிற வேலையைத் தனியாக இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றிடலாம். அதுதான் தனிக் கண்டென்சர். 1769-ல் காப்புரிமை வாங்கினார். யோசிச்சுப் பார்த்தா, ஒரு பட்டறைக்காரர் பேசுற மாதிரியே இல்லையா? ரெண்டு வேலையை ஒரே இடத்துல போட்டுக் குழப்பாதே, எதுக்கு எது இடமோ அங்கே வை!

1775-ல் மேத்யூ போல்ட்டனோடு கூட்டுச் சேர்ந்தார். பர்மிங்காமில் தொழில் வளர்ந்தது. 1800-ல் காப்புரிமை முடிந்ததும் வாட் ஓய்வு பெற்றார். கையில் பணம் இருந்தது, ஹீத்ஃபீல்டில் பெரிய வீடும் இருந்தது. ஆனா அவர் வேலை செய்ய எடுத்துக்கிட்ட இடம், கூரைக்கு அடியில் இருந்த ஒரு சின்ன அறை. சாய்வான மேல்தளம், வெயில் காலத்தில் வேகும், குளிர்காலத்தில் நடுங்கும். ஜன்னல் பக்கம் காலால் மிதித்து ஓட்டும் லேத். அதோடு அவரே உருவாக்கிய ரெண்டு பெரிய மெஷின்கள். சிலைகளை நகலெடுப்பதுதான் அவற்றின் வேலை. ஒரு முனை அசல் சிலையைத் தடவிக்கொண்டே போகும், அதோடு இணைந்த வெட்டும் முனை பக்கத்தில் அதே உருவத்தைச் செதுக்கும். ஒரு மெஷின் அதே அளவில், இன்னொன்று சிறிய அளவில்.

இப்போ இடப் பிரச்சினைக்கு வருவோம். மிதி லேத்துக்கு அடியில் கால் ஆடணும், சக்கரம் சுத்தணும். அங்கே சாமான் வைக்க வழியில்லை. அதனால் இழுப்பறைகளும் அலமாரித் தட்டுகளும் ஆணிகளும்தான் அந்த அறையைத் தாங்கின. சுத்தியல், பசைப் பாத்திரம், ஈயம் உருக்கும் கரண்டி, வேதிப்பொருள் புட்டிகள், பாரிஸ் சாந்து, புல்லாங்குழல் பாகங்கள், வயலின் பாகங்கள் என்று 8000-க்கும் மேற்பட்ட பொருட்கள்! ஆணியில் ஒரு வாணலிகூடத் தொங்கியது. அழுக்குக் கையோடு வீட்டுக்குள் வருவது மனைவி ஆனுக்குப் பிடிக்காததால், மேலேயே சமைச்சுச் சாப்பிடுவார் என்று சொல்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு டிரங்குப் பெட்டியும் இருந்தது. அதில் கருவி எதுவும் இல்லை. மகன் கிரெகரியின் பள்ளிப் புத்தகங்களும் சிறுவயதில் அவன் எழுதியவையும்தான் இருந்தன. கெட்டிக்காரப் பையன். 1804-ல், 30 வயதைத் தொடும் முன்னே, காசநோயில் இறந்துவிட்டான். அதற்குப் பத்து வருஷம் முன்னாடி மகள் ஜெஸ்ஸியும் போய்விட்டாள். இடம் போதாத அறையில், பயன்படாத ஒரு பெட்டிக்கு அந்த அப்பா இடம் ஒதுக்கி வைத்திருந்தார். அதை நகர்த்தினால் இன்னும் எத்தனையோ கருவி வைத்திருக்கலாம். அவர் நகர்த்தவில்லை.

1819 ஆகஸ்ட் 25-ல், 83 வயதில் வாட் இறந்தார். அறையைப் பூட்டினார்கள். பல பத்தாண்டுகள் அது அப்படியே கிடந்தது. 1924-ல் கதவு, ஜன்னல், தரைப்பலகையோடு அந்த அறையையே பெயர்த்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். சில வருஷத்தில் வீடு இடிக்கப்பட்டது. அறை பிழைத்துக்கொண்டது. இன்னைக்கும் அங்கே பார்க்கலாம்.

நண்பர்களே, வாட்டுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கு. நம்ம மெஷின் மோட்டாரில் ஓடுது, மிதிக்க வேண்டாம். அடியில் இருக்கிற இடம் முழுக்கக் காலி. அங்கே இழுப்பறை செய்யுங்க. கனமான சாமானைக் கீழே வைங்க, ஸ்டாண்டு அசையாது, அதிர்வும் குறையும். தினமும் எடுக்கிற உளியும் அளவுகோலும் மேல் இழுப்பறையில் இருக்கட்டும். இழுப்பறை ஆழம் குறைவாக இருந்தால் ஒன்றுக்கு அடியில் ஒன்று புதைஞ்சு போகாது. மோட்டாருக்குக் காற்று போக வழி விடுங்க, மரத்தூள் உள்ளே இறங்காத மாதிரி மூடுங்க.

எல்லாத்துக்கும் இடம் பிரிச்சு முடிச்ச பிறகு, ஒரே ஒரு இழுப்பறையை மட்டும் காலியா விடுங்க. அதில் என்ன வைக்கணும்னு இப்போ தெரியாது. ஒரு நாள் உங்களுக்கே தெரியும்.