சூளை தந்த உறுதி

பச்சைக் களிமண் மழையில் கரைந்துவிடும். சூளைத் தீயில் வெந்தால் உறுதியான செங்கல்லாகும். நாராயண பிள்ளையின் வாழ்க்கையும் அத்தகையது.

பினாங்கில் வாழ்ந்த இவர், 1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸுடன் கப்பலில் சிங்கப்பூருக்கு வந்தார். புதிய ஊரில் கட்டடங்கள் எழுப்பச் செங்கல் தேவைப்பட்டது. அதனால், தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை அமைத்தார். பின்னர், துணி வணிகத்திலும் ஈடுபட்டார்.

1822ஆம் ஆண்டு, அவரது கடை தீயில் எரிந்து சாம்பலானது. கடனுக்கு வாங்கிய துணிகளும் அழிந்தன. ஆயினும், அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. ராஃபிள்ஸிடம் தம் நிலையை எடுத்துக்கூறி, வேறோர் இடம் பெற்றார். அயராது உழைத்துக் கடன்களை அடைத்தார்.

1827ஆம் ஆண்டு, சவுத் பிரிட்ஜ் சாலையில், மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன மாரியம்மன் கோவில் இவரது முயற்சியால் எழுந்தது. எளிய அக்கோவில் பின்னர்ச் செங்கற்கட்டடமாக உயர்ந்து, இன்று தேசிய நினைவுச்சின்னமாகத் திகழ்கிறது.