பின்வரிசைக் கருவிக்குப் பெருமை சேர்த்தவர்

மேற்கத்திய இசைக்குழுவின் பின்வரிசையில் பெரிய பித்தளைக் கருவி ஒன்றைக் காணலாம். அதுதான் டியூபா. 1835ஆம் ஆண்டு பெர்லினில் உருவான அக்கருவி, பிற கருவிகளுக்குத் துணையாகவே நெடுங்காலம் ஒலித்து வந்தது. அதற்கு மேடையின் முன்னே இடம் தந்தவர் ரால்ஃப் வோன் வில்லியம்ஸ்.

இவர் 1872ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள டவுன் ஆம்ப்னி என்னும் சிற்றூரில் பிறந்தார். இரண்டு வயதில் தந்தையை இழந்தார். இளமையிலேயே இசை கற்று, பின்னர் லண்டன் அரச இசைக் கல்லூரியில் பயின்றார். 1903 முதல் ஊர் ஊராகச் சென்று, எளிய மக்கள் பாடிய நாட்டுப்புறப் பாடல்களைக் கேட்டு எழுதினார். அதனால் 800க்கும் மேற்பட்ட பாடல்கள் அழியாமல் காக்கப்பட்டன.

முதல் உலகப் போர் மூண்டபோது, நாற்பது வயதைக் கடந்திருந்தும் இராணுவத்தில் சேர்ந்தார். பீரங்கிகளின் பேரொலி அவரது செவித்திறனைப் பாதித்தது. முதுமையில் காது மேலும் மந்தமானது. எனினும், அவர் இசையமைப்பதை நிறுத்தவில்லை.

1954இல் லண்டன் சிம்பொனி இசைக்குழு பொன்விழாக் கொண்டாடியது. அதற்காக, 81 வயதில், டியூபாவை முதன்மைக் கருவியாகக் கொண்டு ஓர் இசைப்படைப்பை இயற்றினார். பருத்த கருவியால் இனிமையாகப் பாட முடியுமா எனப் பலர் ஐயுற்றனர். ஜூன் 13ஆம் நாள், அக்குழுவின் டியூபா கலைஞர் பிலிப் கேட்டலினெட் அதனை அரங்கேற்றினார். மென்மையும் வேகமும் டியூபாவுக்கும் கைவரும் என்பது அன்று புலனானது.

வோன் வில்லியம்ஸ் 1958இல் மறைந்தார். இன்றும் டியூபா பயிலும் மாணவர்கள் அப்படைப்பை விரும்பி வாசிக்கின்றனர். பிறர் கவனிக்காத குரல்களுக்குச் செவிசாய்த்ததே அவரது பெருமை.