அயர் கூட்

சர் அயர் கூட் (1726 - 1783) என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய பிரித்தானியப் படைத்தலைவர் ஆவார். அயர்லாந்தில் பிறந்த இவர் பிளாசி, வந்தவாசி, பரங்கிப்பேட்டை ஆகிய மூன்று முக்கிய போர்களிலும் பங்கேற்றார். வந்தவாசியில் பிரெஞ்சுப் படையையும், இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பின் பரங்கிப்பேட்டையில் மைசூரின் ஐதர் அலியையும் எதிர்கொண்டு வென்றார். எனினும் 1781ஆம் ஆண்டில் கடலூரில் பல மாதங்கள் முடங்கிக் கிடந்ததும், சிதம்பரம் கோயில் அரணைத் தாக்கித் தோற்றதும் இவரது வாழ்வில் குறிப்பிடத்தக்க நிகழ்வுகளாகும். காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி, பொதிமாடு, கப்பல் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றின் வலிமை எவ்வாறு பயனற்றுப் போகும் என்பதற்கு இவரது தென்னிந்தியப் போர்கள் எடுத்துக்காட்டாக அமைந்துள்ளன.

இளமையும் வங்காளப் பணியும்

அயர் கூட் அயர்லாந்தின் இலிமெரிக் மாவட்டத்தில் ஒரு சமயகுருவின் மகனாகப் பிறந்தார். இளம் வயதிலேயே பிரித்தானிய அரசப் படையில் சேர்ந்தார். இவர் பணியாற்றிய 39ஆவது காலாட்படைப் பிரிவு 1754இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. இந்தியாவுக்கு வந்த முதல் அரசப் படைப்பிரிவு இதுவேயாகும். அதற்கு முன்னர் இங்கிருந்த ஆங்கிலப் படைகள் கிழக்கிந்தியக் கம்பனியால் திரட்டப்பட்டவை.

1757 ஜனவரியில் கல்கத்தா மீட்கப்பட்டபோது வில்லியம் கோட்டையின் பொறுப்பைக் கடற்படைத் தளபதி வாட்சன் இவரிடம் ஒப்படைத்தார். இதனால் இவருக்கும் ராபர்ட் கிளைவுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் பிளாசிப் போருக்குச் சில நாட்கள் முன்னர் கிளைவ் போர் ஆலோசனைக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். அதில் கிளைவ் உட்படப் பெரும்பான்மையினர் உடனடியாகப் போரிட வேண்டாம் என்று வாக்களிக்க, கூட் போரிட வேண்டும் என்று வாக்களித்த சிறுபான்மையினருள் முதன்மையானவராக இருந்தார். பின்னர் கிளைவ் தம் முடிவை மாற்றிக்கொண்டார். ஜூன் 23, 1757 அன்று பிளாசிப் போர் நடைபெற்றது.

வந்தவாசியும் புதுச்சேரியும்

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரையும், அதனை ஒட்டித் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையையும் கைப்பற்றிக் கோட்டையை இடித்தார். தொடர்ந்து சென்னையையும் முற்றுகையிட்ட அவர், 1759 பிப்ரவரியில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். புதிதாகத் திரட்டப்பட்ட 84ஆவது காலாட்படைப் பிரிவின் தலைவராக அயர் கூட் 1759இன் பிற்பகுதியில் சென்னைக்கு வந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் வந்தவாசி, கருங்குழி ஆகிய கோட்டைகளை இவர் கைப்பற்றினார்.

வந்தவாசியை மீட்க லாலி முற்றுகையிட்டதால் ஜனவரி 22, 1760 அன்று போர் மூண்டது. லாலி தம் ஐரோப்பியக் குதிரைப்படையுடன் ஆங்கிலேயரின் இடது பக்கத்தைத் தாக்கினார். அங்கிருந்த ஆங்கிலேயரின் குதிரைப்படை நிலைகுலைந்தது. எனினும் அருகிலிருந்த பீரங்கிகளின் தாக்குதலால் லாலியின் குதிரை வீரர்கள் பின்வாங்கினர். குதிரைப்படையின் குறையை இங்கே பீரங்கி ஈடு செய்தது. லாலிக்குத் துணையாக வந்த மராத்தியக் குதிரைப்படை போரில் சேராமல் விலகியே நின்றது. பிரெஞ்சுக் காலாட்படை நெருங்கிய நீள் அணியாக முன்னேறியபோது, பரந்த வரிசையில் நின்ற கூட்டின் படையினர் ஒரே நேரத்தில் சுட்டனர். பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று குண்டு பட்டு வெடித்ததும் பிரெஞ்சு அணி குலைந்தது. புகழ்பெற்ற பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைபிடிக்கப்பட்டார்.

இதன்பின் கூட் புதுச்சேரியை நேரடியாகத் தாக்காமல், அதற்கு உணவும் படையும் வரக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றும் முறையை மேற்கொண்டார். 1760 பிப்ரவரியில் ஆற்காடும், ஏப்ரலில் காரைக்கால், சிதம்பரம், கடலூர் ஆகியனவும் ஆங்கிலேயர் வசமாயின. லாலியின் வேண்டுகோளின்படி ஐதர் அலி அனுப்பிய மைசூர்ப் படை, 1760 ஜூலையில் கடலூருக்கு மேற்கேயுள்ள திருவதிகையில் ஆங்கிலப் படை ஒன்றைத் தோற்கடித்தது. ஆயினும் அப்படை விரைவில் மைசூருக்குத் திரும்பிச் சென்றது. நீண்ட முற்றுகைக்குப் பின், உணவு முற்றிலும் தீர்ந்த நிலையில், 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. லாலி பின்னர் பிரான்சில் விசாரிக்கப்பட்டு 1766இல் மரண தண்டனைக்கு உள்ளானார்.

இங்கிலாந்தில்

நாடு திரும்பிய கூட்டுக்குக் கிழக்கிந்தியக் கம்பனி வைரம் பதித்த வாள் ஒன்றைப் பரிசளித்தது. இவர் ஆம்ப்சயர் மாவட்டத்தில் நிலம் வாங்கிக் குடியேறியதுடன், 1768இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறிது காலம் சென்னையில் படைத்தலைவராக இருந்தபோது ஆளுநருடன் ஏற்பட்ட அதிகாரப் பிணக்கினால் 1770இல் திரும்பிச் சென்றார். 1771இல் இவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1779இல் இந்தியா முழுமைக்குமான படைத்தலைவராகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது இவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது, உடல்நலமும் குன்றியிருந்தது.

ஐதர் அலியுடனான போர்

1780 ஜூலையில் ஐதர் அலி பெரும் படையுடன் கருநாடகப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10, 1780 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றிலும் அழிக்கப்பட்டது. அவருக்கு உதவ வேண்டிய எக்டர் மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். இச்செய்தி கல்கத்தாவை எட்டியதும், தலைமை ஆளுநர் வாரன் ஏசுடிங்சு கூட்டைக் கப்பலில் சென்னைக்கு அனுப்பி வைத்தார். இவர் 1780 நவம்பரில் சென்னையை அடைந்தார்.

இரு தரப்புப் படைகளும் வெவ்வேறு வகையில் வலிமை பெற்றவையாக இருந்தன. ஆங்கிலேயரின் வலிமை பயிற்சி பெற்ற காலாட்படையும், அதனுடன் சேர்ந்து நகரும் களப் பீரங்கிகளும் ஆகும். ஐதர் அலியின் வலிமை விரைந்து செல்லும் குதிரைப்படை, இரும்புக் குழாயால் செய்யப்பட்ட ஏவுகணைகள், பீரங்கிகளை இழுக்கும் சிறந்த மைசூர் மாடுகள் ஆகியவை. திறந்த வெளியில் நேருக்கு நேர் நின்று போரிட்டால் கூட்டுக்குச் சாதகம் இருந்தது. ஆனால் போரிடும் இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஐதரிடமே இருந்தது. சுற்றுப்புற ஊர்களின் தானியத்தையும் கால்நடைகளையும் அவரது குதிரைப்படை அப்புறப்படுத்தியதால், ஆங்கிலப் படை கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள் சில நாள் தொலைவுக்கு மேல் செல்ல இயலவில்லை.

கடலூரில் முடக்கம்

1781 ஜனவரியில் சென்னையிலிருந்து புறப்பட்ட கூட், கருங்குழியைக் கைப்பற்றி, முற்றுகையிடப்பட்டிருந்த வந்தவாசியை விடுவித்தார். அப்போது பிரெஞ்சுக் கப்பற்படை புதுச்சேரிக் கடலில் தோன்றியது. கூட் புதுச்சேரிக்கு விரைந்து, பிரெஞ்சுக்காரர் கரையிறங்கப் பயன்படக்கூடிய படகுகளை அழித்தார். ஐதர் தெற்கு நோக்கி நகர்ந்ததைக் கண்டு, பிப்ரவரி மாதம் கடலூருக்குச் சென்றார்.

கடலூரில் இவரது நிலை மிகவும் இக்கட்டானதாக இருந்தது. நிலப்பக்கம் ஐதரின் படையும், கடற்பக்கம் பிரெஞ்சுக் கப்பல்களும் வழியை அடைத்தன. கையிருப்பில் சில நாட்களுக்கான அரிசியே இருந்தது. ஆனால் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் தோர்வ் பிப்ரவரி நடுப்பகுதியில் கப்பல்களுடன் திரும்பிச் சென்றுவிட்டார். அவர் மேலும் சில வாரங்கள் தங்கியிருந்தால் ஆங்கிலப் படை பட்டினியால் சரணடைய நேர்ந்திருக்கும் என்பது வரலாற்றாளர் பலரின் கருத்தாகும். கடல்வழி திறந்ததால் சென்னையிலிருந்து அரிசி வந்தது. எனினும் பொதிமாடுகள் இல்லாமையால் ஜூன் மாதம் வரை கூட் கடலூரை விட்டு நகர முடியவில்லை.

சிதம்பரம் தாக்குதல்

சிதம்பரம் நடராசர் கோயிலின் உயர்ந்த கற்சுவர்கள் அக்காலப் போர்களில் பலமுறை அரணாகப் பயன்படுத்தப்பட்டன. ஐதர் அலி அங்கே காவற்படை அமைத்துத் தானியத்தையும் சேமித்து வைத்திருந்தார். கடலூரிலிருந்து ஜூன் 16 அன்று புறப்பட்ட கூட், வெள்ளாற்றைக் கடந்து ஜூன் 18, 1781 இரவில் கோயிலைத் தாக்கினார். காவலர் எண்ணிக்கை குறைவு என்று கருதியதால் முற்றுகைப் பீரங்கிகளுக்காக இவர் காத்திருக்கவில்லை.

சிப்பாய்கள் வெளிப்புறப் பேட்டையின் காவலைக் கடந்து உட்புற வாயில் வரை சென்றனர். உட்புற வாயிலை உடைக்க இயலவில்லை. சுவர்களின் மேலிருந்து வந்த தாக்குதலில் பலர் இறந்தனர். பீரங்கி ஒன்றையும் இழந்து படை பின்வாங்கியது. மதிற்சுவரை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லாமல் காலாட்படையை மட்டும் அனுப்பியதே இத்தோல்விக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இதன்பின் கூட் கடற்கரையில் உள்ள பரங்கிப்பேட்டைக்குச் சென்று, கப்பல்களின் உதவியை எதிர்பார்த்துத் தங்கினார்.

பரங்கிப்பேட்டைப் போர்

சிதம்பரத்தில் கிடைத்த வெற்றியை அறிந்த ஐதர் அலி, திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து விரைந்து வந்து, பரங்கிப்பேட்டைக்கும் கடலூருக்கும் இடையே பாதையை மறித்துப் பீரங்கி மேடைகளை அமைத்தார். பொதிமாடுகள் போதாமையால் ஆங்கிலப் படையினர் சில நாட்களுக்கான அரிசியைத் தாங்களே சுமந்து சென்றனர். ஜூலை 1, 1781 காலையில் சுமார் 8,500 பேருடன் கூட் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். ஐதரின் படை எண்ணிக்கையில் இதைப்போல் பல மடங்கு பெரியது.

நேரான பாதையில் சென்றால் பீரங்கி மேடைகளுக்கு எதிரே சிக்க நேரும் என்பதைக் கண்ட கூட், படையை வலப்புறம் திருப்பிக் கடலை ஒட்டிய மணல்மேடுகளுக்குப் பின்னால் நடத்திச் சென்றார். மேடுகளுக்கு இடையிலான வழியில் முதல் அணி மேற்கு நோக்கி வெளிப்பட்டு ஐதரின் இடப்பக்கத்தைத் தாக்கியது. இரண்டாம் அணி மேடுகளைப் பிடித்துக்கொண்டு பின்புறத்தைக் காத்தது. அணியுடன் வந்தோரும் மூட்டைமுடிச்சுகளும் கடலுக்கும் மேடுகளுக்கும் இடையே பாதுகாப்பாக இருந்தன. மைசூர்க் குதிரைப்படை இரு அணிகளையும் தாக்கியும் அவற்றைக் குலைக்க முடியவில்லை. கரைக்கு அருகே நின்ற சிறு கப்பலிலிருந்தும் குதிரைப்படை மீது குண்டுகள் வீசப்பட்டன. ஐதரின் மைத்துனரும் தளபதியுமான மீர் சாகிப் இப்போரில் உயிரிழந்தார். பல மணி நேரப் போருக்குப் பின் ஐதர் பின்வாங்கினார்.

போதிய குதிரைப்படை இல்லாததால் கூட்டினால் அவரைத் துரத்திச் செல்ல முடியவில்லை. சிறந்த இழுவை மாடுகள் இருந்ததால் ஐதர் தம் பீரங்கிகளைக் காப்பாற்றிக் கொண்டு சென்றார். ஆயினும் இவ்வெற்றியினால் ஆங்கிலப் படை கடலூருக்குத் திரும்பும் வழி திறந்தது. திருச்சிராப்பள்ளிக்கு ஏற்பட்டிருந்த ஆபத்தும் விலகியது.

இறுதிக் காலம்

1781 ஆகஸ்ட் 27 அன்று பொள்ளிலூரிலும், செப்டம்பர் 27 அன்று சோளிங்கரிலும், 1782 ஜூன் 2 அன்று ஆரணியிலும் கூட் மீண்டும் மைசூர்ப் படையுடன் போரிட்டார். இவற்றில் எதுவும் போரை முடிவுக்குக் கொண்டுவரவில்லை. 1782 ஜனவரியில் வேலூர்க் கோட்டைக்கு அரிசி கொண்டு சென்றபோது இவர் கடும் நோய்வாய்ப்பட்டார். அவ்வாண்டு மார்ச்சில் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் கரையிறங்கியது. ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சு, மைசூர்ப் படைகளின் வசமானது. இப்போரினால் உழவு நின்று போன பகுதிகளிலிருந்து மக்கள் சென்னையை நோக்கி வந்தனர். சென்னையில் கடும் பஞ்சம் நிலவியது.

1782 செப்டம்பரில் கூட் வங்காளத்துக்குச் சென்றார். டிசம்பர் 7, 1782 அன்று ஐதர் அலி சித்தூருக்கு அருகே காலமானார். மீண்டும் தலைமையேற்கக் கப்பலில் வந்த கூட், பிரெஞ்சுக் கப்பல்களால் துரத்தப்பட்டு, உடல்நலம் மிகவும் குன்றிய நிலையில் சென்னையை அடைந்து, 1783 ஏப்ரலில் சில நாட்களுக்குள் இறந்தார். இவரது உடல் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு ஆம்ப்சயரில் உள்ள இராக்போர்னில் அடக்கம் செய்யப்பட்டது. இலண்டன் வெசுட்மின்சுடர் மடத்தில் இவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது.

இவர் இறந்த இரு மாதங்களுக்குள், ஜூன் 13, 1783 அன்று, செனரல் சுடூவர்ட் கடலூரைத் தாக்கினார். அங்கே பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கியவர், வந்தவாசியில் கூட்டினால் சிறைபிடிக்கப்பட்ட அதே புஸ்ஸி ஆவார். ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் கடற்போரும் நிகழ்ந்தது. ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்ததும் கடலூர் முற்றுகை முடிவின்றி நிறுத்தப்பட்டது. மைசூருடனான போர் 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையுடன் முடிவுற்றது. அதன்படி இரு தரப்பினரும் கைப்பற்றிய இடங்களைத் திருப்பி அளித்தனர்.